வீட்டில் பாடுவதே நின்றுபோனது: பள்ளி இசை ஆசிரியர்கள் எங்கே கோடு போடுகிறீர்கள்?

சுருதிப்பெட்டி | ஞாயிறு, இரவு 8.40

திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக இசை ஆசிரியை. ராகம், கச்சேரி என்று பேசும் இடத்தில் வேலைக் குறையைக் கொண்டுவந்து வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு எங்கே சொல்வதென்று தெரியவில்லை.

நேற்று அறையைப் பெருக்கும்போது தம்புராவின் உறையைக் கழற்றினேன். நடுத் தந்திகளில் ஒன்றான அனுசாரணி துருவேறி அறுந்து, குடத்தின் மேல் சுருண்டு கிடந்தது. எப்போது அறுந்தது என்று தெரியாது. இசைக் கல்லூரியில் படித்த நாட்களில் பக்கத்து அறையில் ஒரு தந்தி இறங்கினாலும் காது சொல்லிவிடும். இப்போது என் வீட்டில், என் தம்புராவில் தந்தி அறுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வீட்டில் எனக்காக நான் வாய்திறந்து பாடி ஏழு மாதம் ஆகிறது.

என் வாரம் இப்படி: மொத்தம் 40 பீரியடில் 32 எனக்கு. 16 பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பிள்ளைகள் என்றால் 640 பேர். காலை 8.10-க்கு வழிபாட்டுக் கூட்டம், தினமும். மதிய இடைவேளையில் சேர்ந்திசைக் குழு. மிச்சமுள்ள எட்டு பீரியடில் யாராவது விடுப்பில் போனால் அந்த வகுப்பு என்னிடம் வரும், "இசை டீச்சர்தானே, சும்மாதான் இருக்கிறார்" என்று. பள்ளி முடிந்ததும் விழா ஒத்திகை. சுதந்திர தினம், ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம், கிறிஸ்துமஸ், பொங்கல், குடியரசு தினம், நடுவில் ஆண்டு விழா. ஒன்று முடியும் அன்றே அடுத்ததற்குப் பாட்டுப் பட்டியல் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் கைப்பேசி. இரவு ஒன்பதரைக்குப் பெற்றோர் குரல் பதிவு அனுப்புவார்கள். "டீச்சர், பாப்பா இந்த இடத்தில் சரியாகப் பாடுகிறாளா?" கேட்காமல் விட்டால் மனம் உறுத்தும், கேட்டால் திருத்திப் பாடி அனுப்ப வேண்டும். ஒரு நாள் அப்படி ஒன்பது பதிவுகள். பாயில் படுத்தபடி, பக்கத்தில் தூங்கும் என் மகன் எழுந்துவிடக் கூடாதென்று கிசுகிசுப்பாகப் பாடி அனுப்பினேன்.

போன மாதம் ஆண்டு விழாவின் இறுதி ஒத்திகையில் மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்குப் போனபோது குரல் வரவில்லை. வெறும் காற்று வந்தது. அறுபது பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதல்வர் அக்கறையாகத்தான் சொன்னார், "மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் பிடியுங்கள் மேடம்" என்று. மருத்துவர் இரண்டு வாரம் பேசவே கூடாது என்றார். பள்ளி இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தது. மூன்றாம் நாள், "பாட வேண்டாம், ஆர்மோனியம் மட்டும் வாசியுங்கள்" என்று அழைப்பு வந்தது. போனேன். போய்ப் பாடினேன்.

வேலையை விடும் எண்ணம் இல்லை, பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கே கோடு போடுவது? போட்டவர்கள் இருக்கிறீர்களா? போட்ட பிறகு என்ன நடந்தது?

கணக்கு_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.25

சகோதரி, உங்கள் தொண்டை சரியாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் இது இசை ஆசிரியர்களின் தனிச் சுமை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வாராந்திரத் தேர்வு, 120 விடைத்தாள், மாலைச் சிறப்பு வகுப்பு, தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கக் கடிதம். உங்களுக்கு விடைத்தாள் கட்டு இல்லை, பொதுத்தேர்வு இல்லை. எல்லா ஆசிரியர்களும் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும். பாடவாரியாகப் பிரிந்து அழுதால் நிர்வாகத்துக்குத்தான் வசதி.

காவிரிக்கரை | திங்கள், காலை 6.10

சுருதிப்பெட்டி, உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். கும்பகோணம் பக்கத்தில் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் 34 ஆண்டு இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

நான் சேர்ந்தபோது இசை ஒரு பாடம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று ஆண்டுக்கு இவ்வளவு முடிக்க வேண்டும் என்ற திட்டம் இருந்தது. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் இசைத் தொழில்நுட்பத் தேர்வுக்கு, கீழ்நிலை, மேல்நிலை இரண்டுக்கும் பெண்களைத் தயார் செய்வேன். ஆண்டு விழா என்றால் அந்த ஆண்டு வகுப்பில் கற்றதையே மேடையில் பாடுவார்கள். தனி ஒத்திகை பத்து நாளுக்கு மேல் போகாது. வேலை கடுமைதான், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது. மணி அடித்தால் பாடம் முடிந்தது.

பிறகு படிப்படியாக இசை பாடமாக இல்லாமல் போய் விழாவுக்கான சேவையாகிவிட்டது. பாடத்துக்குப் பாடத்திட்டம் எல்லை போடும். விழாவுக்கு எது எல்லை? விருந்தினர் யார் என்பதைப் பொறுத்துப் பாட்டு மாறும், தாளாளர் வீட்டுக் குழந்தை முன்வரிசைக்கு வரும், உடையின் நிறம்கூட இசை டீச்சர் பொறுப்பில் வந்து விழும். உன் கதையில் குரல் போனதைவிட, அந்த எட்டு பீரியடும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பொதுச் சொத்தாக இருப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நான் கோடு போட்டேன். ஓய்வுக்கு ஆறு ஆண்டு இருக்கும்போது தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்தேன்: எந்த விழாவானாலும் மூன்று வாரம் முன்பே சொல்ல வேண்டும், வகுப்பில் கற்ற பாட்டைத்தான் மேடையேற்றுவேன், புதுப்பாட்டு வேண்டுமானால் ஆண்டுக்கு இரண்டு. அவர் ஒப்புக்கொண்டார். நிர்வாகம் முணுமுணுத்தது. அடுத்த ஜூனில் கால அட்டவணை வந்தபோது ஒன்பதாம் வகுப்புக்கு இசை பீரியட் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், விலை இல்லாமல் நடக்கவில்லை. ஆனால் கடைசி ஆறு ஆண்டும் வீட்டில் விடியற்காலையில் பாடினேன். இன்றும் பாடுகிறேன்.

கணக்கு ஐயாவுக்கு ஒன்று. எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் நாலு பேர் இருப்பார்கள், இசைக்கு ஒருத்தி. அவள் கிளம்பினால் அந்த இடத்தை நிரப்ப ஆளே வருவதில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-இல் சிறப்பாசிரியர் பணிக்கு அறிவித்த 1,325 இடங்களில் உடற்கல்விக்கு 663, இசைக்கு 86. மாநிலம் முழுவதற்கும் 86.

அரைநாள்_ஆசிரியர் | திங்கள், பகல் 1.15

அம்மா சொன்ன அந்த 86-க்கு வெளியே நிற்கும் ஆள் நான். விழுப்புரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியர். 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை என்று 16,549 பேரை ஒரே மூச்சில் எடுத்தார்களே, அதில் ஒருவன். அப்போது மாதம் 5,000 ரூபாய். பிறகு 7,000, 7,700, 10,000 என்று ஏறி, 2024-இல் 12,500 ஆனது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மே மாதம் சம்பளம் கிடைத்ததில்லை.

சுருதிப்பெட்டி அக்கா, உங்கள் வேலை வீட்டுக்குள் வருகிறது. எங்களுக்கு வேலையே துண்டு துண்டாக இருக்கிறது. காலை பள்ளி, பிற்பகல் பத்து கிலோமீட்டர் தாண்டி ஒரு தனியார் பள்ளி, மாலை வீட்டு வகுப்புகள், முகூர்த்த நாள் என்றால் கல்யாணக் கச்சேரியில் பக்கப்பாட்டு. எதை வேண்டாம் என்று சொன்னாலும் அந்த மாத மளிகையில் தெரியும். கோடு போடுவதற்குக் கையில் கொஞ்சம் காசு மிச்சம் வேண்டும் என்பதை இந்த இழையில் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இன்னொன்று. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலானது. முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், 55 விநாடியில் பாட வேண்டும், ஒலிப்பதிவைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்றார்கள். நான் அதை வரவேற்றவன், இன்றும் வரவேற்கிறேன். பிள்ளைகள் பாட்டைக் கேட்டு நிற்பதைவிடப் பாடி நிற்பது நூறு மடங்கு நல்லது. ஆனால் எங்கள் பள்ளியில் அதன் பொருள், நான் வர வேண்டியிராத நாட்களிலும் காலை ஒன்பது மணிக்கு வந்து பாடிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றாகிவிட்டது. அந்த நாளுக்குச் சம்பளமும் இல்லை, பஸ் காசும் இல்லை. 2022 முதல் கலைத் திருவிழா வேறு. பள்ளி அளவு, வட்டார அளவு, மாவட்ட அளவு என்று போகும். என் மாணவி ஒருத்தி மாவட்டம் வரை போய்ப் பாடினாள். அந்தச் சந்தோஷத்துக்கு நான் விலை கேட்க மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையை மேடைவரை கூட்டிப் போன நாட்களை வேலைநாளாகக்கூட எழுதவில்லை.

குரல் பற்றியும் ஒரு வார்த்தை. என் குரலுக்கு ஒத்த சுருதி ஒரு கட்டை. பிள்ளைகளுக்கு அதைவிட உயரமான ஐந்து, ஐந்தரைக் கட்டையில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கீழே பாடினால் அவர்களுக்குச் சுருதி பிடிபடவில்லை, அவர்கள் சுருதியில் பாடினால் என் தொண்டை இழுத்துக்கொள்கிறது. பதிமூன்று ஆண்டாக இதற்கு வழி தெரியாமல் கத்திக்கொண்டிருக்கிறேன்.

குரல்நாண் | திங்கள், மாலை 7.50

கோவையில் பேச்சு, குரல் பயிற்சியாளர். ஆசிரியர்கள்தான் என்னிடம் வருபவர்களில் அதிகம், அதில் பாட்டு டீச்சர்கள் மிகவும் தாமதமாக வருவார்கள். தொண்டை தங்களுக்குத் தெரிந்த கருவி என்ற நம்பிக்கை.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து கட்டையில் ஒரு பெண் மத்திய ஸ்தாயி ஷட்ஜம், அதாவது நடு 'ஸ' பிடித்தால் குரல் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 196 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஷட்ஜத்தில் 392 முறை. நாற்பது நிமிட பீரியட் நான்கு எடுத்து, அதில் பாதி நேரம்தான் குரல் எழுந்தது என்று வைத்துக்கொண்டாலும், கீழ்க்கணக்கிலேயே ஒன்பது லட்சம் மோதல்களைத் தாண்டும். ஒரு நாளைக்கு. கையை அத்தனை முறை தட்டினால் கொப்புளம் வரும். குரல் நாணிலும் அதுபோல் தடிப்பு வரும், அதைத்தான் முடிச்சு என்கிறோம். பெரும்பாலும் பயிற்சியிலும் ஓய்விலுமே அது கரையும், கத்தி வைக்கத் தேவை வருவது குறைவு. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி அவர்களே, இரவில் கிசுகிசுப்பாகப் பாடி அனுப்பினேன் என்றீர்களே, அது ஓய்வு ஆகாது. கிசுகிசுப்பிலும் தொண்டைத் தசைகள் இறுகத்தான் செய்கின்றன. தொண்டையை அடிக்கடி கனைப்பதையும் விடுங்கள், அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழலை இரண்டு விரற்கடை முக்கி, குமிழி வரும்படி 'ஊ' என்று மெல்லக் குரல் கொடுங்கள். சுருதியை மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள். இங்கோ டிட்சே என்ற அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இந்த முறையைப் பரவலாக்கினார். இரண்டு வகுப்புக்கு நடுவே மூன்று நிமிடம் போதும். ஆனால் மருத்துவர் பேசக்கூடாது என்று சொன்ன நாட்களில் இதையும் செய்ய வேண்டாம்.

அரைநாள் ஆசிரியருக்கு: பிள்ளைகளின் சுருதியில் நீங்கள் முழுப்பாட்டும் பாடவே வேண்டாம். ஆர்மோனியத்தில் அவர்கள் சுருதியில் அடியை வாசியுங்கள், அல்லது சரியாகப் பிடிக்கும் இரண்டு பிள்ளைகளைப் பாடச் சொல்லி மற்றவர்களைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். கேட்கும் வேலை உங்களுடையது. பாடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

ஒரு_தகப்பன் | திங்கள், இரவு 10.05

நான் ஆசிரியர் இல்லை. என் மகள் ஆறாம் வகுப்பு. அந்த ஒன்பதரை மணிக் குரல் பதிவு அனுப்பும் பெற்றோரில் நானும் ஒருவன். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால்தான் மகளோடு உட்கார நேரம். அவள் பாடுவதைப் பதிந்து டீச்சருக்கு அனுப்புவேன். டீச்சர் உடனே பாடித் திருப்பி அனுப்புவார். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, பக்கத்தில் ஒரு பிள்ளை தூங்குகிறது என்பது இதுவரை என் நினைவில் வந்ததே இல்லை. ஒருமுறைகூட அவர் முடியாது என்று சொல்லவில்லை, அதனால் அவருக்கும் விருப்பம்தான் என்று எடுத்துக்கொண்டேன். பெற்றோரிடம் நேரடியாகச் சொல்லுங்கள் டீச்சர். பெரும்பாலோர் கோபித்துக்கொள்ள மாட்டோம். எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கூட்டுக்குரல் | செவ்வாய், காலை 7.30

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்திசைக் குழுவுக்குப் பொறுப்பாசிரியை. ஊர் திருவாரூர்.

இங்கே இசைக்குழு, சேர்ந்திசை எல்லாம் இணைப்பாட நடவடிக்கையாக, வழக்கமான பாட வகுப்புகளுக்கு வெளியே நடக்கும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோருக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூர் இளையர் விழாவில் குழு பாட வேண்டும். அதற்கு முன்னால் சில மாதம் உயிர் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் குரல் பயிற்சிக்கு வெளியிலிருந்து பயிற்றுநரை ஒப்பந்தத்தில் அமர்த்துவது வழக்கம். எல்லாம் ஒருத்தி தலையில் விழாது.

2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு வெளிப்படையாகவே சொன்னது: ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குத் தர வேண்டிய கட்டாயம் இல்லை, பள்ளி நேரம் முடிந்த பிறகு வரும் வேலைச் செய்திகளுக்குப் பதில் எழுத வேண்டியதும் இல்லை. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் நான் பதில் சொல்லாதபோது குற்றவாளியாக உணர்வது நின்றது. தனி ஆள் 'முடியாது' என்றால் அது அவளுடைய குணமாகப் பார்க்கப்படும். மேலிடம் சொன்னால் விதியாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இந்தப் பணிச்சோர்வை நோயாக எழுதவில்லை, வேலை சார்ந்த நிகழ்வாக எழுதியது. மூன்று அடையாளம்: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, நம்மால் முடிகிறது என்ற உணர்வு குறைவது. நான் நாலு ஆண்டு முன்பு இரண்டாவதில் மாட்டினேன். ஒரு பிள்ளை அபசுரமாகப் பாடினாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருத்தவும் தோன்றவில்லை. அன்று மாலைதான் துறைத்தலைவரிடம் போய்ப் பேசினேன்.

கணக்கு_வாத்தியார் | செவ்வாய், இரவு 9.00

ஞாயிறன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். விடைத்தாள் கட்டு இல்லை என்று சொன்னது தவறு, சகோதரி. நான் திருத்தும் தாள் மேசையில் காத்திருக்கும். உங்கள் திருத்தம் அந்த நொடியிலேயே தொண்டையிலிருந்து வர வேண்டும்.

சங்க வேலையில் இருப்பதால் சட்டத்தைப் புரட்டினேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம், தயாரிப்பு நேரமும் அதில் சேர்த்தி. ஆனால் அது குறைந்தபட்சம். அதிகபட்சம் என்று ஒன்றுமே அங்கே எழுதவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்பதும் அதே அட்டவணைதான். அரைநாள் ஆசிரியர் தம்பி, பகுதிநேரம் என்ற சொல் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பில் இல்லாதிருக்கும் உரிமைக்காக மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இல் அங்கே தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

ஆகவே இப்போதைக்குப் பள்ளிக்குள்தான் கேட்க வேண்டும். என் யோசனை: 'எனக்கு முடியவில்லை' என்று போகாதீர்கள். நான்கு வாரம் ஒரு நோட்டில் நேரம் குறியுங்கள். ஒத்திகை இத்தனை மணி, பதிலி வகுப்பு இத்தனை, இரவுச் செய்தி இத்தனை. கூட்டிப் போட்டு, மருத்துவர் சீட்டோடு மேசையில் வையுங்கள். எண்ணை மறுப்பது கடினம்.

பிமியூசிக்_இரண்டாமாண்டு | புதன், மாலை 4.20

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்கத்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். எனக்குப் பாட்டு வந்ததே ஐந்தாம் வகுப்பு டீச்சரால்தான். வர வேண்டாம் என்று சொல்கிறீர்களா?

காவிரிக்கரை | புதன், மாலை 6.45

வா. ஆனால் நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேள்: வாரத்துக்கு எத்தனை பீரியட், பதிலி வகுப்பு யார் எடுப்பார்கள், போன ஆண்டு ஆண்டு விழாவுக்கு எத்தனை நாள் ஒத்திகை. முகம் சுளித்தால் அதுவே பதில்.

சுருதிப்பெட்டி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

கணக்கு ஐயா சொன்னபடி நோட்டுப் போட்டேன். நான்கு வாரத்தில் பள்ளி நேரத்துக்கு வெளியே 41 மணி நேரம், அதில் கைப்பேசியில் மட்டும் 13. எழுதிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது. மருத்துவர் குறிப்பில் சிறிய தடிப்பு என்று இருக்கிறது, பயிற்சியில் சரியாகும் என்கிறார். இரண்டையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை முதல்வரைப் பார்த்தேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

கேட்டது நான்கு. மாலை ஒத்திகை நாலேமுக்காலோடு முடியும், அதற்குச் சரி என்றார். பெற்றோர் குரல் பதிவு அனுப்பக்கூடாது, பள்ளி நாட்குறிப்பில் எழுதினால் வகுப்பில் பார்ப்பேன் என்று பள்ளியின் பெயரிலேயே சுற்றறிக்கை போகும், அதற்கும் சரி. வழிபாட்டுப் பாடலை வாரத்தில் இரண்டு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே நடத்துவார்கள் என்றதற்கு அவரே மகிழ்ந்தார். பதிலி வகுப்பு மட்டும் முடியாது என்றார். எல்லோருக்கும் உண்டாம். அது பாக்கி இருக்கிறது, அடுத்த ஜூனில் மறுபடி கேட்பேன்.

சுற்றறிக்கை போன இரவே ஒரு பதிவு வந்தது. திறக்கவில்லை. காலைவரை மனம் அங்கேயேதான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் அழைத்துப் பாடச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் திருத்திக்கொண்டாள்.

தம்புராவுக்கு நான்கு தந்தியும் புதிதாகப் போட்டேன். ரீங்காரம் வரத் தந்திக்கு அடியில் ஜீவா நூல் வைத்துச் சுருதி சேர்ப்பதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது, காது அவ்வளவு பழக்கம் விட்டுப் போயிருக்கிறது. இன்னும் பாடவில்லை, மருத்துவர் சொன்ன நாள் முடிய ஆறு நாள் இருக்கிறது. மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகன் வந்து மடியில் படுத்துக்கொண்டு, "அம்மா, இது எங்கே இருந்தது இவ்வளவு நாள்?" என்று கேட்டான்.

அரைநாள்_ஆசிரியர் | அன்று, மாலை 6.30

அக்கா, ரொம்பச் சந்தோஷம். பிள்ளைகளே நடத்தும் அந்த யோசனையைத் தலைமையாசிரியரிடம் நாளைக்குச் சொல்லப் போகிறேன். என் மூன்று நாள் போக மிச்சமுள்ள இரண்டு நாளுக்கும் எட்டாம் வகுப்பில் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். 55 விநாடிக்குள் முடிக்கிறார்கள், கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன்.